முதல்ல பிளேனை ஓட்டு

இன்னைக்கு எபிசோடு சின்ன விமானங்களைப் பத்தி. நாம டிக்கெட் போட்டு ஏறுற ஏர்பஸ், போயிங் இல்ல. ஒரே ஒரு எஞ்சின், ரெண்டு இல்லன்னா நாலு சீட்டு, பெரும்பாலும் ஒரே ஒரு பைலட். இந்த மாதிரி விமானம் விழுந்துச்சுன்னா, ஏதோ பெரிய கோளாறுன்னுதான் நமக்குத் தோணும். ஆனா சில விபத்துகளோட விசாரணை அறிக்கையைப் படிச்சா, உள்ள ஒரு சின்ன வேலைதான் இருக்கும். அந்த வேலையைச் செய்யத் திரும்பின பைலட், சில நொடி விமானத்தை ஓட்டாம விட்டிருப்பார்.

ஒரு கேஸை எடுத்துக்குவோம். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியாவில் இருக்கிற மான்டரே. 1970-களில் உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், தான் புதுசா வாங்கின விமானத்தில் தனியா கிளம்புறார். அது லாங்-ஈஸி ரகம். பர்ட் ரூட்டன் வடிவமைச்சது. வரைபடத்தை வாங்கி ஆர்வலர்கள் தாங்களே கட்டிக்கொள்ளும் ரெண்டு சீட்டு விமானம்.

டென்வர் கத்துக்குட்டி இல்ல. 2,700 மணி நேரத்துக்கு மேல பறந்த அனுபவம் உள்ளவர். ஆனா இந்த விமானத்துக்குன்னு எடுத்துக்கிட்ட பயிற்சி, முந்தின நாள் சுமார் அரை மணி நேரம்தான்.

இப்போ பிரச்சனைக்கு வருவோம். இந்த விமானத்துக்கு இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு டேங்க். எஞ்சின் ஒரு நேரத்தில் ஒண்ணுல இருந்துதான் எரிபொருள் எடுக்கும். ஒண்ணு தீர்ந்தா, ஒரு கைப்பிடியைத் திருப்பி இன்னொண்ணுக்கு மாத்தணும். பழைய பைக்கில் வண்டி இழுக்காம திணறும்போது, அப்பா இடது கையைக் கீழே விட்டு ‘ரிசர்வ்’ல போடுவாரே, கிட்டத்தட்ட அதேதான். அவர் குனிஞ்சு பாக்க மாட்டார். கண்ணு ரோட்டுலயே இருக்கும். கைக்கு இடம் தெரியும்.

ரூட்டனோட வரைபடப்படி அந்தக் கைப்பிடி பைலட்டோட கால்களுக்கு நடுவுல இருக்கணும். இந்த விமானத்தைக் கட்டினவர் அதை பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி கொண்டுபோய் வெச்சுட்டார். எந்தப் பக்கம் திருப்பினா எந்த டேங்க்னு அதில் குறியும் இல்ல. எரிபொருள் அளவு காட்டுறதும் முதுகுக்குப் பின்னாடி. அதிலும் அளவுக் குறிகள் இல்ல.

இது தெரியாம நடந்ததில்ல. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டெக்னீஷியனும் டென்வரும் இதைப் பத்திப் பேசியிருக்காங்க. கைப்பிடியில் ஒரு குறடை மாட்டி நீட்டிப் பார்த்தாங்க, சரிப்படலை. பின்னாடி இருக்கிற அளவைப் பாக்க அந்த டெக்னீஷியன் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தார். டேங்க் மாத்தும்போது ஆட்டோபைலட்டைப் போட்டுக்குவேன்னு டென்வர் சொன்னார். எரிபொருள் போடணுமான்னு கேட்டப்போ வேண்டாம்னுட்டார். ஒரு மணி நேரம்தானே பறக்கப் போறோம்னு நினைச்சார்.

கொஞ்ச நேரம் இறங்கி ஏறிப் பழகிட்டு, கடற்கரைப் பக்கம் போனார். சுமார் 500 அடி உயரம்தான். எஞ்சின் சத்தம் குறைஞ்சதை கீழ இருந்தவங்க கேட்டிருக்காங்க. அடுத்து விமானம் தலைகுப்புற கடல்ல விழுந்துச்சு. டென்வருக்கு வயசு 53.

அமெரிக்காவோட தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ஞ்சது. இதே மாதிரி காக்பிட்டில் ஆட்களை உட்கார வெச்சுப் பார்த்தாங்க. அந்தக் கைப்பிடி எட்டணும்னா உடம்பையே திருப்பணும். அப்படித் திரும்பும்போது, முட்டுக்கொடுக்க வலது கால் தானாகவே முன்னாடி இருக்கிற பெடலை அழுத்தும். அது ரட்டர் பெடல், அதாவது விமானத்தோட மூக்கை இடம் வலமா திருப்புறது. ஆக, கை எரிபொருளைத் தேடுது, கால் விமானத்தைத் திருப்பி விடுது, கண்ணு பின்னாடி இருக்கு. 500 அடியில் இதைச் சரிபண்ண நேரம் கிடையாது.

வாரியம் சொன்ன காரணத்தில் முதல்ல வர்றது, விமானத்தை ஓட்டுறதில் இருந்து பைலட்டோட கவனம் விலகினது. அடுத்து, தரையிலயே எரிபொருள் நிரப்பாதது. கைப்பிடி இருந்த இடம், குறி இல்லாதது, பத்தாத பயிற்சி எல்லாமே அதே அறிக்கையில் இருக்கு. நான் கவனிக்கச் சொல்றது இதைத்தான்: கவனம் விலகினது காத்துல. ஆனா விலகப் போகுதுங்கிறது தரையிலயே முடிவாகிடுச்சு. கீழ நிதானமா முடிச்சிருக்க வேண்டிய ஒரு வேலையை மேல எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இந்த மாதிரி இன்னும் ரெண்டு விஷயம் சொல்றேன். சின்ன விமானத்தில் பறக்கும்போது கதவு படார்னு திறந்துக்கும். பயங்கர சத்தம், காத்து. ஆனா பெரும்பாலும் விமானம் ஒழுங்காத்தான் பறக்கும். ஆபத்து கதவுல இல்ல. சீட்டைத் தாண்டிச் சாஞ்சு அதை மூடப் போறதுலதான் இருக்கு. பைலட்டுகளுக்குச் சொல்லித் தர்றது, ‘கதவை விடு, சுத்தி வந்து இறங்கு, அப்புறம் மூடு.’

ரெண்டாவது, சக்கரத்தை இறக்காமலே தரையிறங்குறது. சக்கரம் உள்ள மடங்குற விமானங்களில் இது இன்னைக்கும் நடக்குது. எச்சரிக்கை ஒலி இருந்தும் நடக்குது. இறங்குறதுக்கான செக்லிஸ்ட் பாதி ஓடிட்டு இருக்கும்போது, பக்கத்துல ஒரு விமானம் வருதுன்னு ரேடியோவில் சொல்வாங்க. பைலட் அதைத் தேடுவார். திரும்பி வரும்போது எங்க விட்டோம்னு தெரியாது. கம்ப்யூட்டர் ஒரு வேலையை நிறுத்திட்டு வேற வேலைக்குப் போகும்போது, விட்ட இடத்தை எழுதி வெச்சுட்டுத்தான் போகும். நம்ம மூளை அப்படிச் செய்யாது. நூறு தடவை சக்கரத்தை இறக்கின பழக்கத்தில், ‘இறக்கியாச்சு’ன்னு ஒரு பொய் ஞாபகத்தைக் கொடுத்துடும். அதனாலதான் செக்லிஸ்ட் தடைபட்டா நல்ல பைலட்டுகள் விட்ட இடத்தை யூகிக்க மாட்டாங்க. முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க.

பெரிய விமானங்களுக்கு இதுக்கு ஒரு சட்டமே இருக்கு. 1981-ல் அமெரிக்காவில் வந்தது. பொதுவா 10,000 அடிக்குக் கீழே, பறப்புக்குத் தேவையில்லாத பேச்சோ வேலையோ காக்பிட்டில் கூடாது. ஆனா அது விமான நிறுவனங்களுக்கான விதி. தன் சொந்த விமானத்தில் தனியா போறவரை அது கட்டுப்படுத்தாது. பக்கத்துல ‘சார், வேகம் குறையுது’ன்னு சொல்ல துணை பைலட்டும் கிடையாது. அவரே தனக்கு விதி போட்டுக்கணும்.

அந்த விதி ரொம்பப் பழசு. முதல்ல விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்க போறோம்னு பாரு, கடைசியாப் பேசு. இந்த வரிசையில் கைப்பிடி, கதவு, போன், கேமரா எல்லாம் மூணாவதுக்கும் பின்னாடிதான்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. டென்வர் விளையாட்டா எதையோ பாத்துட்டு கவனத்தை விடலை. அந்த நொடியில் நியாயமான, அவசரமான ஒரு வேலையைத்தான் செய்யப் போனார். கவனத்தை ஆபத்தா இழுக்கிறது பெரும்பாலும் அப்படிப்பட்ட வேலைதான். வண்டியை எடுத்தப்புறம் மேப் செட் பண்றவங்களுக்கு, மாட்டாத ஹெல்மெட் பட்டையை ஓட்டிக்கிட்டே மாட்டுறவங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன். கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு நிமிஷத்தைக் கொடுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். பத்திரமா இருங்க!