நிலக்கரி நின்றால் படகும் நிற்குமா? ஜெர்மனியின் லவுசிட்ஸ் சுற்றுலாவுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் கணக்கு

பெர்லினில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் லூபனாவ் ஊர். ஸ்டேஷனில் இருந்து நடக்கிற தூரத்தில் படகுத்துறை. தட்டையான மரப்படகு, நடுவில் சின்ன மேஜை, பின்னால் நின்றபடி நீளமான கழியை ஊன்றித் தள்ளும் படகோட்டி. இன்ஜின் சத்தமே கிடையாது. இதுதான் ஸ்ப்ரேவால்ட். ஸ்ப்ரே என்ற ஆறு நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கால்வாய்களாகப் பிரிந்து காட்டுக்குள் ஓடும் பகுதி. 1991-ல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

ஆனால் படகு மிதக்கும் அந்தத் தண்ணீரில் பெரும் பங்கு ஆற்றின் சொந்தத் தண்ணீர் இல்லை. அது எங்கிருந்து வருகிறது? இனி என்ன சிக்கல்?

லவுசிட்ஸ் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் பிராண்டன்பெர்க், சாக்சனி என இரண்டு மாநிலங்களில் பரவி, போலந்துக்குள்ளும் நீளும் பழைய நிலப்பகுதி இது. சோர்பியர்கள் என்ற ஸ்லாவிய இனச் சிறுபான்மையினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இங்கே வாழ்கிறார்கள். இப்போது அவர்கள் சுமார் 60,000 பேர் என்று சொல்லப்படுகிறது. பெயர்ப் பலகைகளில் ஜெர்மனுக்குக் கீழே சோர்பிய மொழியும் இருக்கும்.

என்னவெல்லாம் பார்க்கலாம்?

முதலில் லேடெ கிராமம். லூபனாவில் இருந்து படகிலேயே போகலாம். வீட்டுக்கு வீடு வாசலில் கால்வாய். கோடைக்காலத்தில் இங்கே தபால்கூட படகில்தான் வரும். போகிற வழியில் ஊறவைத்த வெள்ளரிக்காய் வாங்கிச் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. 1999-ல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. 'குட் பை லெனின்' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும், மகன் தன் அம்மாவுக்காக ஊரெல்லாம் தேடி அலைவது இந்த வெள்ளரிக்காயைத்தான். சைக்கிள் ஓட்டப் பிடிக்கும்னா, 'வெள்ளரிக்காய்ப் பாதை' என்ற பெயரிலேயே சுமார் 260 கி.மீ. நீளத்துக்கு ஒரு வழி இருக்கிறது.

கோட்புஸ் நகரத்தில் பிரானிட்ஸ் பூங்காவைத் தவறவிடக் கூடாது. பியூக்லர் என்ற இளவரசர் உருவாக்கியது. ஏரிக்கு நடுவில் மண்ணால் ஒரு பிரமிடு எழுப்பி, 1871-ல் இறந்த அவரை அதற்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய இன்னொரு பூங்காவான முஸ்காவ் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. நைஸே ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பூங்காவின் மறுபாதி போலந்தில் இருக்கும்.

மழை வந்தால்? ஆகாயக் கப்பல் கட்டுவதற்காக எழுப்பிய பிரம்மாண்டக் கொட்டகை ஒன்று இருக்கிறது. அந்த நிறுவனம் 2002-ல் திவாலாக, 2004-ல் உள்ளே கடற்கரை, பனைமரம் எல்லாம் வைத்து வாட்டர் பார்க் ஆக்கிவிட்டார்கள். பழைய ஊர்களைப் பார்க்க வந்தவர்களுக்கு இது தேவையா என்பது வேறு கேள்வி. குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

நிலக்கரிக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்?

நெய்வேலியில் வெட்டப்படும் அதே பழுப்பு நிலக்கரிதான் லவுசிட்ஸிலும் கிடைக்கிறது. திறந்தவெளிச் சுரங்கம் தோண்டணும்னா நிலத்தடி நீரை இடைவிடாமல் பம்ப் போட்டு வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் குழி நிரம்பிவிடும். அப்படி இறைத்த தண்ணீரை நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஸ்ப்ரே ஆற்றில் விட்டு வருகிறார்கள். கோட்புஸ் அருகே ஆற்றில் ஓடும் தண்ணீரில் ஏறத்தாழ பாதி இந்தச் சுரங்கத் தண்ணீர். வறண்ட கோடை மாதங்களில் இது முக்கால்வாசி வரை போகும்.

2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்த வேண்டும் என்பது ஜெர்மனியின் சட்டம். சுரங்கம் மூடினால் பம்பும் நிற்கும். ஜெர்மனியின் கூட்டாட்சி சுற்றுச்சூழல் முகமை 2023-ல் வெளியிட்ட ஆய்வு, வறண்ட கோடையில் ஸ்ப்ரேயில் சில இடங்களில் 75 சதவீதம் வரை தண்ணீர் குறையலாம் என்று எச்சரித்தது. ஸ்ப்ரேவால்ட் கால்வாய்களோடு போகிற பிரச்சினை இல்லை. இதே ஆறுதான் பெர்லினுக்குள் போகிறது, அந்த நகரத்தின் குடிநீருக்கும் கைகொடுக்கிறது.

சுரங்கத்தை மூடியதும் நிலத்தடி நீர் மேலே ஏறத்தானே செய்யும்? ஏறும். ஆனால் பல ஆண்டுகள் காற்றுப்பட்ட மண்ணில் இருந்து இரும்பையும் சல்பேட்டையும் கரைத்துக்கொண்டு ஏறும். ஆறு சில இடங்களில் துருப்பிடித்த நிறத்தில் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

குழிகள் ஏரிகளாகின்றன

மூடிய சுரங்கங்களைத் தண்ணீர் விட்டு ஏரியாக்கி, அதையே சுற்றுலாத் தலமாக மாற்றுகிறார்கள். ஸென்ஃப்டன்பெர்க் ஏரி அப்படி உருவானது. 1973-ல் இருந்தே அங்கே மக்கள் குளிக்கிறார்கள். லிஷ்டர்ஃபெல்டில் நிற்கும் 'எஃப்-60' என்ற 502 மீட்டர் நீளச் சுரங்க இயந்திரத்தின் மேல் ஏறி நின்று பார்த்தால், தோண்டிய குழியும் அதை மூடிய தண்ணீரும் ஒரே பார்வையில் தெரியும். லவுசிட்ஸ் போகிறவர்கள் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பார்க்கலாம். நிலக்கரிக்காக 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்டன. ஃபோர்ஸ்ட் நகரில் அந்த ஊர்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது.

கோட்புஸ் பக்கத்தில் சுமார் 19 சதுர கி.மீ. பரப்பில் இன்னொரு பெரிய ஏரி. 2019 ஏப்ரலில் நிரப்பத் தொடங்கி, 2024 டிசம்பரில்தான் திட்டமிட்ட மட்டத்தை எட்டினார்கள். நிரப்பியது பெரும்பாலும் ஸ்ப்ரே தண்ணீரால். கோடையில் ஆறு வற்றும்போது நிரப்புவதை நிறுத்த வேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய திறந்த ஏரியில் வெயில் காலத்தில் ஆவியாகிப் போகும் தண்ணீரும் குறைவு இல்லை. ஒரு சுற்றுலாத் தலத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னொன்றுக்கு அது குறையும் என்பதுதான் நிலைமை.

அப்புறம் என்ன வழி?

கூடுதல் நீர்த்தேக்கங்கள், பக்கத்து ஆறுகளில் இருந்து தண்ணீர் கொண்டுவருவது எனப் பல யோசனைகள் பேசப்படுகின்றன. எல்பே ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த எல்பேயே வறண்ட கோடைகளில் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது.

போகிறவர்கள் கவனிக்க

படகு சீசன் முக்கியமாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. கூட்டம் வேண்டாம் என்றால் மே அல்லது செப்டம்பர் நல்லது. புதிய ஏரிகளில் தடுப்புப் பலகை வைத்த கரைகளுக்குப் போகவே கூடாது. சுரங்க மண் இறுகாமல் தளர்வாக இருப்பதால் திடீரெனச் சரியும். 2018 செப்டம்பரில், திறந்து 45 ஆண்டுகள் ஆன ஸென்ஃப்டன்பெர்க் ஏரியிலேயே தீவின் கரை சரிந்து, குளிப்பதற்கும் படகுக்கும் தடை போட வேண்டியதானது.