ஆடிக் காத்தும் கடலை மிட்டாயும்!

சைக்கிள் டூர்ல முதல் நாள் எல்லாருமே ஹீரோதான் பாஸ். ரெண்டாவது நாள் காலையில சீட்ல உட்காரும்போதுதான், 'மறுபடியுமா?'ன்னு உடம்பு கேட்கும். அந்த நாளே டூர்ல நீளமான நாளாவும் இருந்துட்டா?

எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வந்த லீவுல நாலு பேர், திருச்சி டு கன்னியாகுமரி, மூணு நாள் பிளான். ரெண்டாவது நாள் மதுரையில இருந்து திருநெல்வேலி. கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர். நீங்களும் ஒருநாள் இந்த ரூட்ல மிதிக்கலாம். அதனால நான் பண்ணின தப்பைச் சொல்லிடறேன்.

காலை அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். விருதுநகர் வரைக்கும் ரோடு வழுக்கிட்டுப் போச்சு. சாத்தூர்ல மிளகாய்ப்பொடி தூவின வெள்ளரிக்காயை நண்பன் நீட்டினான். "பசிக்கல மச்சி"ன்னேன். அங்கேதான் விழுந்துச்சு முதல் அடி.

நம்ம உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனா மாத்தி தசையிலயும் கல்லீரல்லயும் சேமிச்சு வைக்குது. விடாம வேகமா மிதிச்சா ரெண்டு மணி நேரம்கூட தாங்காது. கொழுப்பு நிறைய இருக்கேன்னு கேட்காதீங்க, அது மெதுவாத்தான் எரியும். இதுல மோசம் என்னன்னா, மூளைக்கும் சர்க்கரைதான் சாப்பாடு. அது குறைஞ்சா கால் மட்டும் இல்ல, புத்தியும் தள்ளாடும். பசிக்கறவரைக்கும் காத்திருந்தா லேட். அரை மணிக்கு ஒருதரம் ஒரு வாழைப்பழம், ரெண்டு பேரீச்சம்பழம்னு உள்ளே போய்க்கிட்டே இருக்கணும். வெறும் தண்ணியை மட்டும் குடிக்காம உப்பு போட்ட மோரும் சேர்த்துக்கணும்.

இதெல்லாம் தெரிஞ்சுதான் கோவில்பட்டியில கடலை மிட்டாய் வாங்கினேன். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின மிட்டாயாச்சே! ஆனா ஒரு துண்டுகூட வாயில போடல. வீட்டுக்குன்னு பையில வெச்சுப் பூட்டிட்டேன்.

கயத்தாறு நெருங்கும்போது காத்து ஆரம்பிச்சுது. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். சுத்துவட்டாரத்துல காற்றாலைகள் நிக்குதுன்னா சும்மாவா? மேற்கே இருந்து, அதாவது நம்ம வலது பக்கம் இருந்து, ஆடிக் காத்து அடிச்சுத் தள்ளுது. வலப்பக்கமா சாய்ஞ்சு மிதிக்கணும். அப்போ பக்கத்துல லாரி வந்துச்சுன்னா காத்து டக்னு நின்னுடும். சாய்ஞ்ச வண்டி லாரிப் பக்கமே இழுக்கும். லாரி போனதும் மறுபடி பளார்! ஹேண்டில்பாரை ரெண்டு கையாலயும் பிடிங்க, ஓரத்தை விட்டு வராதீங்க.

ரெண்டாவது லாரிக்கு நான் கிட்டத்தட்ட உள்ளேயே போயிட்டேன். பின்னாடி வந்தவன் கத்தினான். எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! வண்டியைப் போட்டுட்டு, "நீதான்டா இந்த ரூட்டைச் சொன்னே, நான் பஸ்ல போறேன்"னு அவனைத் திட்டினேன். அவன் பதிலே பேசல. என் பையைத் திறந்து பாக்கெட்டைக் கிழிச்சு, நாலு துண்டை என் கையில திணிச்சான்.

இருபது நிமிஷம் புளியமரத்தடியில உட்கார்ந்தோம். கோபம் போன இடம் தெரியல. வெட்கம்தான் பாக்கி. "ஸாரிடா"ன்னா, "முதல்ல மோரைக் குடி"ங்கறான்.

அப்புறம் பலசாலி முன்னாடி, நான் அவனுக்கு இடது பின்பக்கம். காத்து அவன்மேல மோதி, எனக்குப் பாதிதான் வந்துச்சு. ரோடு ஓரம் அகலமா இருக்கிற இடத்துல மட்டும்தான் இப்படி. குறுகினா ஒத்தை வரிசை. வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். யாரும் முணுமுணுக்கல. வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும், அவசரப்பட்டு என்ன பண்ண?

திருநெல்வேலிக்குள்ள நுழையும்போது இருட்டிடுச்சு. பாக்கெட்ல மிச்சம் ரெண்டே துண்டு. அம்மாகிட்ட, கோவில்பட்டியில கடை லீவுன்னு சொல்லியாச்சு!