உத்தரவாதம் முடிந்த மின்சாரக் கார்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

பழைய பொருளைப் போற்றுவதா, கழிப்பதா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுவதுதான். பாட்டியின் தையல் இயந்திரத்தைப் பேத்தியும் மிதிப்பதுண்டு. நேற்று வாங்கிய மிக்சி இன்று புகைவதும் உண்டு. அவற்றில் தவறான முடிவு எடுத்தால் நட்டம் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் பல இலட்சம் கொடுத்து, கடன் தவணை கட்டி வாங்கிய காரைப் பற்றி முடிவெடுப்பது அப்படிப்பட்டதன்று. அச்சத்தில் அவசரப்பட்டு விற்றாலும் நட்டம். ஆசையில் அளவு கடந்து வைத்திருந்தாலும் நட்டம்.

இன்று நம் நாட்டில் மின்சாரக் கார் வாங்கிய குடும்பங்கள் இக்கேள்வியை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. 2019-ல் ஹூண்டாய் கோனாவும், 2020 ஜனவரியில் டாடா நெக்சான் மின்சாரக் காரும் விற்பனைக்கு வந்தன. இவற்றின் பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றில் எது முன்னே வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தரப்பட்டது. ஆகவே அவற்றுள் முதலில் வாங்கப்பட்டவற்றிற்கு 2027, 2028 ஆம் ஆண்டுகளில் அந்தக் கெடு முடிகிறது. அதன்பின் வண்டி என்ன ஆகும்? களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் நாள்தோறும் ஓடும் நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி தொலைவிலுள்ள ஒன்றன்று. அதற்கு விடை காணும் வழியை இங்கு ஆராய்வோம்.

உத்தரவாதம் என்பது என்ன?

உத்தரவாதம் என்பது நிறுவனம் வாங்குபவருக்குத் தரும் வாக்குறுதி. இத்தனை ஆண்டுக்குள் பழுது நேர்ந்தால் தம் செலவில் சரி செய்து தருவோம் என்பதே அதன் பொருள். அது பாட்டரியின் ஆயுள் குறிப்பு அன்று. எட்டு ஆண்டு முடிந்த மறுநாள் காலையில் பாட்டரி நின்றுவிடுவதில்லை. அதற்கு நாட்காட்டி பார்க்கத் தெரியாது. அன்று மாறுவது ஒன்றுதான்: பழுதின் செலவு நிறுவனத்தின் கையிலிருந்து நம் கைக்கு வருகிறது.

பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதக் காலத்துக்குள் பாட்டரியின் கொள்ளளவு 70 சதவீதத்திற்குக் கீழ் போனால் சரிசெய்து தரும் கடமையை ஏற்கின்றன. ஆதலால் முதல் அறிவுரை இதுவே: கெடு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே வண்டியை அந்நிறுவனத்தின் பணிமனைக்குக் கொண்டுசென்று, பாட்டரியின் நலம் எத்தனை சதவீதம் என்று சோதித்து, எழுத்து மூலமாக அறிக்கை வாங்கி வைக்க வேண்டும். குறை இருந்தால் இலவசமாகத் தீரும். குறை இல்லாவிட்டால் அந்த அறிக்கையே பின்னர் வண்டியை விற்கும்போது நற்சான்றாக அமையும். கெடு முடிந்த மறுவாரம் போய்க் கேட்பதில் பயனில்லை.

பாட்டரி ஏன் தளர்கிறது?

மின்சாரக் காரில் இருப்பது லித்தியம் அயனி பாட்டரி. நூற்றுக்கணக்கான சிறு மின்கலங்களைச் சேர்த்துக் கட்டிய அடுக்கு அது. ஏற்றும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கின்றன; வண்டி ஓடும்போது திரும்பி வருகின்றன. ஒவ்வொரு பயணத்திலும் சிறிதளவு லித்தியம் வேதி மாற்றமடைந்து மறுமுறை பயன்படாமல் தங்கிவிடுகிறது. இதுவே தளர்ச்சிக்கு முக்கியக் காரணம். கடும் வெப்பம், எப்போதும் முழுக்க நிரப்பியே நிறுத்தி வைப்பது, அடிக்கடி வேக மின்னேற்றம் செய்வது ஆகியவை இதை விரைவுபடுத்தும்.

தளர்ச்சியின் வேகம் எவ்வளவு? கனடாவின் ஜியோடேப் நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான மின்சார வண்டிகளை ஆராய்ந்து 2019-ல் ஆண்டுக்குச் சராசரி 2.3 சதவீதம் என்றும், 2024-ல் 1.8 சதவீதம் என்றும் கணக்கிட்டது. ஏறக்குறைய 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் எட்டு ஆண்டில் 16 சதவீதம் குறையும். புதிதில் ஒரே ஏற்றத்தில் 200 கிலோமீட்டர் ஓடிய வண்டி எட்டாம் ஆண்டில் 168 கிலோமீட்டர் ஓடும். இது சராசரிக் கணக்கே. ஒவ்வொரு வண்டியும் தன் பழக்கத்திற்கேற்ப மாறுபடும்.

மூன்று ஊர்கள் கற்பித்த பாடம்

இந்தியாவில் இக்கேள்வியை முதலில் சந்தித்தது பெங்களூர் நகரம். 2001-ல் அங்கே ரேவா என்னும் சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தவை ஈய அமிலப் பாட்டரிகள், மொத்தம் எட்டு. சில ஆண்டுக்கு ஒருமுறை அவை தளர்ந்துவிடும். டயரை மாற்றுவது போலவே பாட்டரியையும் மாற்றும் செலவு உண்டு என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்திருந்தவர்கள் வண்டியை நெடுங்காலம் ஓட்டினர். செலவு திடீரென்று வருவதன்று, எதிர்பார்த்துச் சேமிக்க வேண்டியது என்பதே ரேவாவின் பாடம்.

அடுத்தது அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரம். கோடையில் 40 பாகை செல்சியசைச் சாதாரணமாகத் தாண்டும் பாலைவன ஊர் அது. 2010 டிசம்பரில் வந்த நிசான் லீஃப் காரில் பாட்டரியைக் குளிரவைக்கும் திரவ ஏற்பாடு இல்லை. 2012-லேயே அவ்வூர் வண்டிகளில் கொள்ளளவு வேகமாகக் குறைவதை உரிமையாளர்கள் கண்டு முறையிட்டனர். அதன்பின்னரே அந்நிறுவனம் கொள்ளளவுக் குறைவுக்கும் 5 ஆண்டு உத்தரவாதத்தைச் சேர்த்தது. ஆகவே வண்டியின் வயதைவிட, அது எந்த வெயிலில் நின்றது, பாட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு உண்டா என்பவை முக்கியம். நம் பகுதியில் வெயில் அந்த அளவு ஏறுவதில்லை. பலா நிழலிலோ கூரையின் கீழோ நிறுத்தினால் இன்னும் நன்று.

மூன்றாவது பாடம் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையிலிருந்து. இறக்குமதி வரி குறைவாக இருந்த 2014, 2015 ஆம் ஆண்டுகளில் ஜப்பானில் ஏற்கெனவே ஓடிய லீஃப் கார்கள் அங்கே ஆயிரக்கணக்கில் வந்தன. பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; சொந்தக் கார்களுக்கு 2025-ல்தான் வழி திறந்தது. ஐந்தாண்டு காலம் புது வண்டிக்கு வழியில்லாத நிலையில், இருந்ததைச் செப்பனிட்டு ஓட்டுவதே வழியாயிற்று. லீஃப் காரின் பாட்டரி 48 சிறு பெட்டிகளால் ஆனது. ஒருசில பெட்டிகள் பலவீனமானால் முழு அடுக்கும் பலவீனமாகத் தோன்றும். பலவீனமானவற்றை மட்டும் மாற்றித் தரும் பட்டறைகள் அங்கே தோன்றின. 'பாட்டரி போய்விட்டது' என்று ஒருவர் சொன்னால், முழுதும் போயிற்றா, ஒரு பகுதி மட்டுமா என்று கேட்க வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

கணக்கில் தேர்ந்த மாணவியர் இதைப் பெற்றோருக்குச் செய்து கொடுக்கலாம். டயர்களில் சரியான காற்று இருக்கும்படி பார்த்து, பாட்டரியை 100 சதவீதம் ஏற்றி, வழக்கமான சாலையில் 20 சதவீதம் வரும்வரை ஓட்டி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். 80 சதவீதத்தில் 120 கிலோமீட்டர் ஓடியிருந்தால் முழு ஓட்டம் 150 கிலோமீட்டர். மழை, மேடு, குளிர்சாதனம் இவற்றால் அளவு மாறும். ஆதலால் மூன்று முறை செய்து சராசரி காண்பது நலம்.

இந்த 150-ல் கால் பங்கை அவசரத்திற்கென ஒதுக்கினால் மீதி ஏறக்குறைய 112. களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போய்வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நாகர்கோவில் போய்வர ஏறக்குறைய 80. நள்ளிரவில் மருத்துவக் கல்லூரிக்கு ஓட நேர்ந்தாலும் இந்த வண்டி கைவிடாது. அப்படியானால் அது பழையதேயன்றிப் பயனற்றதன்று. ஆனால் வேலையின் பொருட்டு வாரந்தோறும் மதுரைக்குச் சென்று வருபவருக்கு இதே வண்டி போதாது. எனவே 'வண்டிக்கு வயது என்ன?' என்பதைவிட 'நமக்கு நாள்தோறும் எவ்வளவு தூரம் வேண்டும்?' என்பதே சரியான கேள்வி.

வரவு செலவுக் கணக்கு

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விலைகளை முழு எண்களாகக் கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடி, லிட்டர் ரூ.100 என்றால் செலவு ஏறக்குறைய ரூ.6,700. மின்சாரக் காருக்கு, ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 170 யூனிட், யூனிட் ரூ.8 என்றால் ரூ.1,360. மாதம் ரூ.5,000-க்கு மேல் மிச்சம். இந்த மிச்சத்தைச் செலவழித்துவிடுபவருக்கே உத்தரவாதம் முடிவது அச்சம் தரும். அதில் மாதம் ரூ.3,000 தனியாக அஞ்சலகத்தில் சேர்த்தால் நான்கு ஆண்டில் ரூ.1,44,000 ஆகும். அதுவே நம் சொந்த உத்தரவாதம்.

இனி, பழையதை ரூ.3 இலட்சத்திற்கு விற்று ரூ.12 இலட்சத்திற்குப் புதியது வாங்குவதாக வைப்போம். கையிலிருந்து போவது ரூ.9 இலட்சம். புதிய வண்டியின் எட்டு ஆண்டுக்குப் பங்கிட்டால், வட்டி நீங்கலாக ஆண்டுக்கு ரூ.1,12,500. இதனை அளவுகோலாகக் கொள்ளலாம். பழைய வண்டியில் ரூ.2 இலட்சம் செலவிட்டு மேலும் நான்கு ஆண்டு ஓடுமென்றால் ஆண்டுக்கு ரூ.50,000, செய்யலாம். ரூ.5 இலட்சம் செலவிட்டு மூன்றே ஆண்டு ஓடுமென்றால் ஆண்டுக்கு ரூ.1,66,000-க்கு மேல், செய்யலாகாது. செலவையும் ஆண்டையும் வகுத்துப் பார்க்காமல் 'பெரிய செலவு' என்று அஞ்சுவதும், 'ஆசை வண்டி' என்று அள்ளி இறைப்பதும் ஒன்றே.

பாட்டரியின் விலையும் நிலையாக நிற்பதில்லை. உலகச் சந்தையில் 2010-ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த விலை 2024-ல் சராசரி 115 டாலராக இறங்கியது. காருக்கென்று உள்ளூரில் மாற்றும்போது கூலி, வரி, நிறுவனத்தின் இலாபம் எல்லாம் சேர்ந்து கூடுதலாகும் என்பதை மறக்கலாகாது. ஆயினும் இன்று கேட்கும் விலையே ஐந்தாண்டுக்குப் பின்னும் இருக்குமென்று எண்ண வேண்டியதில்லை.

பாட்டரி மட்டுமே கார் அன்று

பாட்டரியைப் பற்றியே கவலைப்பட்டு மற்றவற்றை மறந்துவிடுகிறோம். மின்சாரக் காரிலும் 12 வோல்ட் சிறு பாட்டரி ஒன்று உண்டு. அது தளர்ந்தால் பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் வண்டி கிளம்பாது. வண்டியின் எடை மிகுதியால் டயர் விரைவில் தேயும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் பயன்படாமல் துருப்பிடிக்கும். கடற்காற்று வீசும் நம் மாவட்டத்தில் இது கவனிக்கத்தக்கது. குளிரூட்டும் திரவத்தையும் உரிய காலத்தில் மாற்ற வேண்டும்.

2021 நவம்பரில் நம் மாவட்டம் கண்டது போன்ற வெள்ளத்தில் வண்டி மூழ்கினால், நீர் வடிந்ததும் தானாக ஏற்றிப் பார்ப்பது ஆபத்து. பயிற்சி பெற்றவர் சோதித்த பிறகே அதைத் தொட வேண்டும். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் ஓடுவது உயிரைப் பறிக்கும் உயர் அழுத்த மின்சாரம். செலவு குறையுமென்று பழக்கமில்லாத பட்டறையில் பாட்டரிப் பெட்டியைத் திறக்கவே கூடாது. உத்தரவாதம் முடிந்த வண்டியில் பணத்தைவிட உயிரே பெரிது.

சட்ட வகையில் அச்சப்பட ஒன்றுமில்லை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். பின்னர் தகுதிச் சோதனை முடித்துப் புதுப்பிக்கலாம். மின்சார வண்டிகளுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்திலிருந்து 2021 ஆகஸ்டில் மத்திய அரசு விலக்கு அளித்தது.

எப்போது விடைகொடுப்பது?

அவசர ஒதுக்கீடு போக மீதி ஓட்டம் நம் அன்றாடத் தேவைக்குப் போதாதபோது விடைகொடுக்கலாம். மேலே சொன்ன அளவுகோலைச் செலவு தாண்டும்போதும், அந்த வகைக் காரின் உதிரிபாகமும் பழுது பார்ப்பவரும் கிடைக்காதபோதும், விபத்திலோ வெள்ளத்திலோ பாட்டரிப் பெட்டி சேதமுற்றபோதும் அவ்வாறே. இவற்றுள் ஒன்றும் இல்லையெனில் வைத்துக்கொள்வதே சிக்கனம்.

விடைகொடுக்கும் நாளிலும், யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது பாட்டரிக்குப் பொருந்தும். ஜப்பானில் புக்குஷிமா மாநிலத்து நமியே ஊரில் 2018-ல் தொடங்கிய ஆலை, பழைய லீஃப் பாட்டரிகளைப் புதுப்பித்து மறுபயன்பாட்டுக்குத் தருகிறது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்பட்ட பாட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. எனவே அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாமல், முறைப்படி ஒப்படைப்பது நம் கடமை.

மாணவியரே! நாளை நீங்கள் வீட்டின் வரவு செலவை நடத்தப் போகிறவர்கள். எந்தப் பொருளானாலும் அதன் வயதைக் கேட்டுக் கலங்காமல், அதன் இன்றைய நலத்தை அளந்து, உங்கள் தேவையோடு ஒப்பிட்டு, செலவை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். காகிதமும் பென்சிலும் கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால், பல இலட்சம் ரூபாய்க் கேள்விக்கு வீட்டிலேயே விடை கிடைத்துவிடும்.