தீவைச் சாய்த்தது இயற்கை உரமா, டாலர் கணக்கா?

இயற்கை விவசாயம் பற்றி எங்கே பேசினாலும் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "இலங்கையில என்ன ஆச்சு பாத்தீங்கள்ல? ஆர்கானிக்குப் போயித்தான நாடே திவாலாச்சு?" புதூர் டீக்கடையிலும் கேட்கிறார்கள், கோவில்பட்டி உரக்கடையிலும் கேட்கிறார்கள். உரக்கடைக்காரர் கேட்டால் அது அவர் வியாபாரம் என்று விட்டுவிடலாம். யூரியாவை விடலாமா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருக்கிற சம்சாரி கேட்டால் அப்படி விட முடியாது. அவருக்கு நேர்மையான பதில் வேண்டும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது புதூர் பக்கம் கரிசல் புஞ்சையில் பாடுபடுகிறவன். ஒரு கடன் வாராக்கடன் ஆகிவிட்டால் வங்கிக்காரன் கடைசித் தவணையை மட்டும் பார்க்க மாட்டான். கணக்கைப் பின்னோக்கிப் புரட்டி, பணம் எங்கே கசிய ஆரம்பித்தது என்று தேடுவான். இலங்கைக் கணக்கையும் அப்படியே புரட்டிப் பார்ப்போம்.

கையிருப்பு கரைந்த விதம்

சின்னத் தீவு நாட்டுக்கு டாலர்தான் மூச்சு. பெட்ரோல், சமையல் எரிவாயு, மருந்து, கோதுமை, பருப்பு எல்லாமே கடல் தாண்டி வர வேண்டும். இலங்கைக்கு டாலர் கொண்டுவந்த வழிகள் முக்கியமாக நான்கு: ஆயத்த ஆடை, தேயிலை, சுற்றுலா, வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று குண்டு வெடித்தது. சுற்றுலா சரிந்தது. எழுந்து நிற்பதற்குள் 2020ல் கொரோனா வந்தது. 2018ல் 23 லட்சம் பேர் வந்து போன நாட்டுக்கு 2021ல் வந்தவர்கள் 2 லட்சம்கூட இல்லை.

வருமானம் குறையும்போது குடும்பஸ்தன் செலவைச் சுருக்குவான். அங்கே புதிய அரசு வரியைக் குறைத்தது. 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. வேறு வரிகளும் குறைந்தன. துண்டு விழுந்த இடத்தில் மத்திய வங்கி ரூபாய் அச்சடித்துக் கொடுத்தது. ரூபாயை அச்சடிக்கலாம், டாலரை அச்சடிக்க முடியாதே!

வாங்கின கடனின் தன்மையும் மாறியிருந்தது. முன்பெல்லாம் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் ஆகியோரிடம் குறைந்த வட்டிக்கு நீண்ட தவணையில் வாங்குவார்கள். 2007 முதல் சர்வதேசச் சந்தையில் டாலர் பத்திரம் விற்க ஆரம்பித்தார்கள். முதல் பத்திரம் 50 கோடி டாலர், வட்டி 8.25 சதவீதம். இந்தப் பத்திரங்களில் அசலை ஆண்டுதோறும் பிரித்துக் கட்ட முடியாது. கெடு முடியும் நாளில் மொத்தமாக வைக்க வேண்டும். சாலைக்கும் துறைமுகத்துக்கும் போட்ட பணம் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் பலன் தரும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், பயிர்க்கடன் வாங்கி மாடிவீடு கட்டியது போல. தை மாசம் கடனைக் கட்டணும், வீடு காய்க்குமா?

2019 கடைசியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு, 2021 கடைசியில் சுமார் 310 கோடிக்கு வந்துவிட்டது. அதிலும் ஏறத்தாழ பாதி சீனாவோடு செய்த நாணய மாற்று ஒப்பந்தப் பணம். நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாது. 2022ல் மட்டும் வெளிநாட்டுக்குக் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் கிட்டத்தட்ட 700 கோடி டாலர்.

உண்டியலுக்குப் போன பணம்

வங்கியில் இருந்தவன் என்பதால் இந்த ஒன்றைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டாலர் தட்டுப்பாடு வந்த பிறகும் ஒரு டாலருக்கு 200 ரூபாய்தான் என்று இலங்கை மத்திய வங்கி பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தது. வெளியே தரகர்கள் அதைவிட 30, 40 ரூபாய் கூடக் கொடுத்தார்கள். இதை அங்கே 'உண்டியல்' என்கிறார்கள். வளைகுடாவில் வீட்டுவேலை பார்க்கிற ஒரு பெண் எந்த வழியில் பணம் அனுப்புவாள்? பிள்ளைகளுக்கு எதில் கூடக் கிடைக்குமோ அதில்தான். 2020ல் வங்கி வழியாக 710 கோடி டாலர் வந்தது. 2021ல் அது 550 கோடி, 2022ல் சுமார் 380 கோடி. இதைச் சட்டம் போட்டு நிறுத்த முடியவில்லை. விலையைப் பொய்யாகக் கட்டி வைத்தால் சரக்கு சந்தைக்கு வராது என்பதை சம்சாரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே ராத்திரியில் வந்த தடை

இப்போது உரத்துக்கு வருவோம். 2019 தேர்தல் அறிக்கையில் கோத்தபய ராஜபக்ச தரப்பு சொன்னது, பத்து ஆண்டுகளில் இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்பது. ஆனால் 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்கு முழுத் தடை போட்டுவிட்டார்கள். பத்து வருஷ வேலை ஒரே ராத்திரியில் ஏன் வந்தது? மண்ணும் மக்கள் உடம்பும் கெடுகிறது என்று காரணம் சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் அந்த அவசரத்துக்குக் காரணம் டாலர். இலங்கை 2020ல் உரம் இறக்குமதிக்குச் செலவழித்தது சுமார் 26 கோடி டாலர். 700 கோடி கட்ட வேண்டியவனுக்கு 26 கோடி மிச்சம் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

விவசாயிகள் இயற்கைக்கு எதிரிகளாகவும் இல்லை. கொழும்பிலுள்ள வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் 2021ல் விவசாயிகளிடம் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் மாற்றத்தை ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஓராண்டுக்கு மேல் அவகாசம். போதுமான விவரம் தெரியும் என்றவர்கள் ஐந்தில் ஒருவர்தான். அந்த அவகாசத்தையும் விவரத்தையும் யாரும் கொடுக்கவில்லை. பல வருஷமாக மானிய உரத்துக்குப் பழகிய வயல், உரம் கேட்கிற நெல் ரகம், ஊரில் போதுமான தொழுவுரம் கிடையாது. மண்ணுக்கு உயிர் திரும்பும் முன்னே மருந்தைப் பிடுங்கினால் என்ன ஆகும்?

அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஆண்டுக்கு 130 கோடி டாலர் கொண்டுவந்த தேயிலையில் உற்பத்தி 2021ல் இருந்த சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 2022ல் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. 2021 நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் உலகச் சந்தையில் உர விலை ஏறிவிட்டது, வாங்க டாலரும் இல்லை. டாலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடை, அரிசி இறக்குமதிக்கும் இழப்பீட்டுக்கும் பணத்தைக் கேட்டு நின்றது.

எல்.சி. படித்துத் தந்த பாடம்

அந்த அவசரத்தில் சீனாவிலிருந்து இயற்கை உரம் கப்பலில் வந்தது. இலங்கை அதிகாரிகள் மாதிரியைச் சோதித்து, அதில் பயிருக்குக் கேடான எர்வினியா பாக்டீரியா இருக்கிறது என்று சரக்கை இறக்க மறுத்தார்கள். விற்ற நிறுவனம் அதை ஏற்கவில்லை. பணம் கொடுக்கக் கூடாது என்று கொழும்பு நீதிமன்றம் தடை விதித்தது. உடனே சீனத் தூதரகம் இலங்கை அரசின் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. கடைசியில் 2022 ஜனவரியில், இறக்காத சரக்குக்கு 60 லட்சம் டாலருக்கு மேல் கட்டினார்கள்.

எல்.சி. திறந்த வங்கி சரக்கைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் கொடுக்கும். அதில் வங்கி தவறினால் உலகில் யாரும் அதன் கையெழுத்தை நம்ப மாட்டார்கள். அதனால் தரத்தை ஒப்பந்தம் போடும் முன்பே சோதிக்க வேண்டும். நமக்கும் இதில் பாடம் உண்டு. இயற்கை உரம் என்பது மூட்டையில் கடல் தாண்டி வாங்குகிற சரக்கு அல்ல. யூரியா மூட்டைக்குப் பதில் 'ஆர்கானிக்' மூட்டை வாங்கினால், கடைதான் மாறியிருக்கிறது, சம்சாரியின் நிலைமை மாறவில்லை.

அடி வாங்கியது யார்?

2022 மார்ச்சில் டாலர் விலையைச் சந்தைக்கு விட்டார்கள். 200 ரூபாயாக இருந்தது இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 8 அன்று மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஜூலையில் மக்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள், கோத்தபய நாட்டைவிட்டு ஓடினார். செப்டம்பரில் விலைவாசி ஒரு வருஷத்துக்கு முன் இருந்ததைவிட 70 சதவீதம் கூடியிருந்தது.

நம் தென்மாவட்டங்களிலிருந்து முன்னோர்கள் போய்க் குடியேறிய மலையகத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே நாள் கூலி 1000 ரூபாய் என்று 2021ல்தான் போராடிப் பெற்றார்கள். அப்போது அது 5 டாலர். ஒரு வருஷத்தில் 3 டாலர்கூட இல்லை. கூலி அதே 1000தான், அரிசி விலைதான் வேறு.

நம் கரைக்கும் அலை வந்தது. நம் நாட்டு வெங்காயத்துக்கும் வத்தலுக்கும் இலங்கை முக்கியமான சந்தை. அங்கே வங்கியில் டாலர் இல்லாவிட்டால் இங்கே சரக்கு ஏற்றியவருக்குப் பணம் நிற்கும். அந்த ஆண்டு இந்தியா கடனாகவும் உதவியாகவும் சுமார் 400 கோடி டாலர் கொடுத்தது. தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது.

ஆக, பின்வரிசைக் கேள்விக்குப் பதில் இது: இலங்கை திவாலானது கடனாலும், வரிக் குறைப்பாலும், பொய்யாகப் பிடித்து வைத்த டாலர் விலையாலும், கொரோனாவாலும். அவசரமாகப் போட்ட உரத் தடை ஏற்கனவே சாய்ந்த சுவரில் விழுந்த இடி. அதையும் மறைக்காமல் நாம் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றதை நம்புவார்கள்.

சிக்கிமைப் பாருங்கள். 2003ல் அறிவித்து, உரத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2016ல்தான் முழு இயற்கை மாநிலம் என்றார்கள். அதற்கு 13 வருஷம் ஆனது.

உங்கள் புஞ்சையும் ஒரு தீவுதான்

வெளியிலிருந்து வாங்கியே ஆக வேண்டிய பொருள், அதற்கு ரொக்கம், மழை பொய்த்தால் நெருக்கடி. மானாவாரிப் புஞ்சைக்கும் தீவுக்கும் என்ன வித்தியாசம்? 1960களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நம்மாழ்வார் ஐயா, விலை கூடிய இடுபொருளை நம்பிய ஆராய்ச்சி மானாவாரிச் சம்சாரிக்கு உதவாது என்று கண்டுதான் அந்த வேலையை விட்டு வந்தார். பொட்டாஷை இந்தியா முழுக்க முழுக்க இறக்குமதி செய்கிறது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022-23ல் மத்திய அரசின் உர மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. அந்தக் கயிறு என்றைக்கு இழுபடும் என்று நம் கையில் இல்லை. அதனால் மாறித்தான் ஆக வேண்டும். எப்படி மாறுவது என்பதில்தான் இலங்கை நமக்குப் பாடம்.

முதலில் சேர்த்து வையுங்கள், பிறகு நிறுத்துங்கள். கோடையில் ஆட்டுக்கிடை, கண்மாய்க் கரம்பை, கொளுஞ்சி, தொழுவுரம் என்று மண்ணில் சேர்ந்த பிறகு யூரியாவைக் குறையுங்கள். இலங்கையில் முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு தேடினார்கள்.

ஆறு ஏக்கர் இருந்தால் முதல் வருஷம் இரண்டு ஏக்கர் போதும். அதில் விளைச்சல் குறைந்தாலும் மற்ற நாலு ஏக்கர் வீட்டைக் காக்கும். சான்றிதழுக்கு ஆண்டுப் பயிரில் இரண்டு வருஷ மாற்றுக்காலம் கேட்பதே மண்ணுக்கு நேரம் வேண்டும் என்பதால்தான்.

ஒரே பயிரை நம்ப வேண்டாம். மக்காச்சோளமே கதி என்று இருந்தபோது படைப்புழு வந்து என்ன செய்தது என்று நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கம்பு, உளுந்து, பாசி, மல்லி என்று பிரித்துப் போட்டால் ஒன்று போனால் ஒன்று நிற்கும்.

பயிர்க்கடனைப் பயிருக்கு மட்டும் செலவழியுங்கள். 3 லட்சம் வரை கெடுவுக்குள் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். கெடு தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். கிணறு, வேலி, மாடு போன்ற நீண்டகாலச் செலவுக்குத் தவணைக்கடன் கேளுங்கள்.

கடைசியாக, கையிருப்பு. ஒரு பட்டத்துக்கான உழவுக்கூலியும் விதையும் கடனில்லாமல் வீட்டில் இருக்க வேண்டும். பஞ்சம் வந்தாலும் விதைத் தானியத்தில் கைவைக்காதவர்கள் நம் முன்னோர்கள். நாட்டுக் கணக்கில் அதற்குப் பெயர்தான் அந்நியச் செலாவணிக் கையிருப்பு.

வருகிற புரட்டாசிப் பட்டத்துக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள். போன வருஷம் உங்கள் புஞ்சையிலிருந்து ஊரைவிட்டு வெளியே போன ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள்: உரம், மருந்து, விதை, டிராக்டர் வாடகை, வட்டி. அதில் எந்த ஒரு வரியை இந்த வருஷம் சின்னதாக்க முடியும் என்று பாருங்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு வரி போதும்.