வண்டியின் அடியில் ஓடும் குழாய்கள்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். வண்டியின் அடியில், பென்சிலைவிட மெல்லியனவாய் ஓடும் குழாய்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். இன்று அவற்றைப் பற்றியே சில சொல்ல விரும்புகிறேன். என்னுடைய அசட்டையை எனக்கு எடுத்துக்காட்டியவை அக்குழாய்களே.

2009-ஆம் ஆண்டில் வேதாரணியத்தை அடுத்த ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். என்னிடம் 1980-களில் செய்யப்பட்ட பெட்ரோல் அம்பாசிடர் வண்டி ஒன்று இருந்தது. மாவட்ட அறிவியல் கண்காட்சியிலிருந்து மாணவர் இருவரைப் பின்னிருக்கையில் அமர்த்தி, மாலையில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவு ஒன்றைக் கடந்ததும் சாலையை அடைத்துக்கொண்டு ஆட்டு மந்தை. பிரேக்கை மிதித்தேன், மிதி எவ்வித எதிர்ப்புமின்றித் தரையைத் தொட்டது. மீண்டும் மிதித்தேன், அப்போதும் அப்படியே. கியரை இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மந்தைக்குப் பத்தடி முன்னே வண்டியை நிறுத்தினேன். கைப்பிரேக் கம்பியால் இயங்குவது, எண்ணெயை நம்புவதன்று. அதனால் பிழைத்தோம்.

இதில் எனக்கு நாணம் தந்த செய்தி ஒன்று உண்டு. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தில் மட்டம் இருமுறை குறைந்திருந்தது. இருமுறையும் ஊற்றி நிரப்பினேனே ஒழிய, குறைந்த எண்ணெய் எங்கே சென்றது என்று கேட்கவில்லை. சக்கரத்திலுள்ள பிரேக் பட்டைகள் தேயத்தேய மட்டம் சிறிது இறங்குவது இயல்பு என்பதை அறிவேன். அந்த அரை உண்மையையே சமாதானமாகக் கொண்டேன். பட்டை தேய்வதால் மட்டம் மிக மெதுவாகத்தான் இறங்கும். மாதத்திற்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். பாஸ்கல் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய கை, தன் வண்டியில் அதை மறந்துவிட்டது.

அவ்விதி இங்கே எவ்வாறு வேலை செய்கிறது என்று பாருங்கள். மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் குறையாமல் பரவும். காலால் முப்பது கிலோகிராம் விசையுடன் மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மிதியின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மீது நூற்றைம்பது கிலோகிராம் விசை விழும். அப்பிஸ்டனின் பரப்பு நான்கு சதுர செண்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர செண்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 37 கிலோகிராம். மிதிவண்டி டயரில் அடிக்கும் காற்றைப்போல் இது பத்து மடங்கிற்கும் மேல். இவ்வளவையும் தாங்கும் எஃகுக் குழாயின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனமோ ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர். இதில் பாதியைத் துரு தின்றுவிட்டால், சாதாரண நாட்களில் குழாய் தாங்கிவிடும். உயிரைக் காக்க ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் உடையும். என் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் நான்கும் போயின. பின்னாளில் வந்த வண்டிகளில் இரு தனிச் சுற்றுகள் உண்டு.

மறுநாள் வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்துச் சென்றோம். பட்டறைக்காரர் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவர். அடியில் படுத்துப் பார்த்தவர், "ஐயா, கிளிப்புக்கு அடியில் பாருங்கள்" என்றார். குழாயின் திறந்த பகுதி முழுதும் செம்மையாகவே இருந்தது. தரைத்தகட்டோடு அதைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றியதும், மூடப்பட்டிருந்த இடம் மட்டும் பிஸ்கட்டைப்போல் உதிர்ந்தது. நடுவே ஊசிமுனைத் துளை.

இது ஏன்? காற்றுப் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்றுதானே படித்தோம்? காற்று நன்றாகப் படும் இடம் பிழைக்க, படாத இடம் அரிக்கப்படுவானேன்? உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். கிளிப்பின் இடுக்கில் மண்ணும் உப்பு நீரும் புகுந்தால் அங்கே உயிர்வளி விரைவில் தீர்ந்துபோகிறது. வெளியிலோ அது மிகுதியாக உள்ளது. ஒரே குழாயின் இவ்விரு பகுதிகளும் ஒரு மின்கலத்தின் இரு முனைகள்போல் ஆகிவிடுகின்றன. உயிர்வளி குறைந்த பகுதி எதிர்மின்னிகளை இழந்து கரைய, மிகுந்த பகுதி அவற்றைப் பெற்றுத் தப்பிக்கிறது. போதாக்குறைக்கு, உப்பளத்து உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. ஆகவே அவ்விடுக்கு மழையில்லா நாளிலும் காய்வதில்லை. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுக்க நடந்துவந்த ஊர் வேதாரணியம். நாட்டுக்குப் புகழ் தந்த அதே உப்பு, எங்கள் ஊர் வண்டிகளுக்கு நல்லது செய்வதில்லை.

அரிப்பு உள்ளிருந்தும் வரும். பிரேக் எண்ணெய் என்கிறோமே, அது உண்மையில் எண்ணெயன்று. பெரும்பாலும் கிளைக்கால் வகைத் திரவம். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் தரத்தில் புதிய திரவம் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை குறைந்தது 205 பாகையாக இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகை. ஈரம் ஏறிய திரவம் குழாயை உட்புறமாக அரிக்கவும் செய்யும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

இனி மாற்றும் முறைக்கு வருவோம். ஓட்டை விழுந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாமே என்று கேட்டேன். பட்டறைக்காரர் உடன்படவில்லை. ஓரிடம் உதிர்ந்ததென்றால் மற்றக் கிளிப்புகளின் அடியிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். ஆதலால் எல்லாக் குழாய்களையும் முனையிலிருந்து முனைவரை மாற்றினோம். சக்கரத்தோடு ஆடும் ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றினோம்.

இறுகிப்போன நட்டுகளுக்கு முதல்நாளே துரு இளக்கும் எண்ணெய் விட வேண்டும். சாதாரண ஸ்பானர் நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். நட்டைச் சுற்றிப் பிடிக்கும் குழாய் ஸ்பானரே வேண்டும். கழற்றிய பழைய குழாயை எறிந்துவிடாமல் அச்சாக வைத்துக்கொண்டு, புதியதை அதே வளைவுகளுடன் வளைக்க வேண்டும். முழங்காலில் வைத்து வளைத்தால் குழாய் மடிந்துவிடும். அதற்கென்று கருவி உண்டு. குழாயின் வாயை விரித்து மடிப்பதுதான் நுட்பமான வேலை. ஒருமுறை மட்டும் விரித்த விளிம்பு வெடிக்கும். ஆகவே விளிம்பை உள்மடித்து இரட்டையாக்குவர். விளிம்பின் வடிவமும் வண்டிக்கு வண்டி வேறுபடும். பழைய முனையைப் பார்த்தே புதியதைச் செய்ய வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைப் பொருத்தினால் கசியும். நட்டைக் குழாயில் கோத்தபின் விளிம்பை மடிக்க வேண்டும் என்பதை யாரும் மறக்கமாட்டார்கள் என்று நினைப்பீர்கள். பட்டறைப் பையன் அன்று இருமுறை மறந்தான்.

குளிர்பெட்டிக்குப் போடும் செம்புக் குழாய் துருப்பிடிக்காதே, அதைப் போடலாமே என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். தூய செம்பு மென்மையானது. ஓயாத அதிர்வில் இறுகி வெடிக்கும். பிரேக்குக்கு அது ஆகாது. செம்பில் பத்து விழுக்காடு நிக்கல் கலந்த உலோகம் வேறு. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்படுவது. சுவீடனின் வால்வோ நிறுவனம் 1976 முதல் அதைப் பிரேக் குழாய்களுக்கு ஏற்றது. எங்களுக்கு அன்று அது கிடைக்கவில்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் குழாயைப் போட்டு, கிளிப்புகளின் அடியில் கிரீஸ் தடவினோம்.

பெட்ரோல் குழாய்க்கு வேறொரு குணம் உண்டு. என் வண்டியில் தொட்டி பின்னே. பெட்ரோலை இழுக்கும் பம்பு முன்னே எஞ்சினில். எஞ்சின் ஓடும்போது இக்குழாயில் உறிஞ்சல் நிகழ்வதால், ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். எஞ்சின் திணறும்; நாம் கார்புரேட்டரைக் குறை சொல்வோம். நானும் அவ்வாறே சொல்லி, குற்றமற்ற கார்புரேட்டரை இருமுறை கழுவியிருந்தேன். இதைக் கழற்றுமுன் பேட்டரியின் இணைப்பை நீக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. பட்டறைக் குழியில் இறங்கித் தேங்கும். பெட்ரோலோ உறைநிலைக்கு நாற்பது பாகை கீழேயும் தீப்பற்றும் ஆவியைத் தரவல்லது. அருகில் வெல்டிங், அரைக்கும் இயந்திரம், எரியும் பீடி எதுவும் கூடாது. பெட்ரோலில் எத்தனால் சேர்ப்பது 2025-இல் இருபது விழுக்காட்டை எட்டிவிட்டதால், பழைய வண்டி வைத்திருப்போர் ரப்பர் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிளக்கும்.

குழாய்கள் பொருந்தியபின் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். ஒரு குமிழி இருந்தாலும் கால் விசையை அது விழுங்கிவிடும். ஒருவர் மிதிக்க, மற்றவர் சக்கரத்தின் திருகைத் திறந்து மூட, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கினோம். மிதிக்கும் வேலை எனக்கு. குமிழி நின்றதும், எஞ்சினை ஓட்டாமலே மிதியை ஒரு நிமிடம் முழு வலுவுடன் அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு, பட்டறைக்காரர் ஒவ்வொரு நட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். ஈரம் இல்லை. ஒரு வாரம் ஓட்டியபின் மறுபடி பார்த்தபோது, இடப்பக்கப் பின்சக்கர நட்டில் மட்டும் சிறு ஈரம் தெரிந்தது. கால் சுற்று இறுக்கினார், நின்றுவிட்டது.