தட்டின் மேல் இல்லாத பெயர்கள்

அமெரிக்க நாட்டில் 'கன்ட்ரி மியூசிக்' என்று வழங்கும் நாட்டுப்புறச் சங்கீதத்தை நம்மில் பலர் வானொலியிலோ திரைப்படத்திலோ கேட்டிருப்போம். கிட்டாரின் நாதமும், மூக்கோடு இழைந்த குரலும், இரயிலையும் வீட்டையும் தாயையும் நினைந்து ஏங்கும் பாட்டும் அதற்கு அடையாளங்கள். மலையில் பிறந்து, குடிசைத் திண்ணையில் வளர்ந்து, தானாகவே உலகிற்கு வந்து சேர்ந்த சங்கீதம் அது என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அதன் இசைத்தட்டு வியாபாரத்தின் வரலாற்றைப் படிக்கப் புகுந்த பின்னரே, அந்தத் திண்ணைக்கும் நம் செவிக்கும் இடையில் ஒரு மரச்சாமான் கடைக்காரரும், கணக்கில் வல்ல ஒரு கம்பெனி அதிகாரியும், பெயர் குறிக்கப்படாத பலரும் நின்றிருக்கிறார்கள் என்பது விளங்கிற்று.

மரச்சாமான் கடைக்கும் சங்கீதத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். அந்நாளில் கிராமபோன் பெட்டி கட்டில், நாற்காலிகளோடு சேர்ந்த ஒரு வீட்டுச் சாமான். பெட்டியை விற்கவேண்டுமானால் அதில் சுழற்றத் தட்டு வேண்டும். வாங்குவோர் விரும்பும் பாட்டு அத்தட்டில் இருக்கவேண்டும். அட்லாண்டா நகரில் இத்தகைய கடை நடத்திவந்த போல்க் பிராக்மன் என்பவர், தம் ஊரில் பிடில் வாசித்துப் பாடிப் பெயரெடுத்த ஜான் கார்சனைப் பதிவு செய்யவேண்டுமென்று ஓகே கம்பெனியை வற்புறுத்தினார். கம்பெனியின் அதிகாரி ரால்ப் பியர் 1923 ஜூன் மாதம் அட்லாண்டாவுக்கு வந்தார். கார்சனின் குரல் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பிராக்மன் கேட்ட 500 தட்டுக்களை மட்டும், விற்பனைப் பட்டியலில் சேர்க்காமல் அடித்துக் கொடுத்தார். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. மேலும் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். பியர் தம் செவியை நம்புவதை விட்டுக் கணக்கை நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

இதற்கு முந்திய ஆண்டிலேயே எக் ராபர்ட்சன் என்னும் பிடில் வித்துவான் நியூயார்க் சென்று விக்டர் கம்பெனிக்கு வாசித்ததுண்டு. ஆனால் ஏழை எளியவரும், மில் தொழிலாளரும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவார்கள் என்பதைக் கம்பெனிகளுக்குக் காட்டியது கார்சனின் தட்டே. 1924 இல் பல இலட்சம் விற்ற 'கைதியின் பாட்டை'ப் பாடிய வெர்னன் டால்ஹார்ட்டோ, இசை நாடக மேடையில் பயின்ற பாடகர்! மலைநாட்டு உச்சரிப்பைத் தொழிலுக்காக மேற்கொண்டவர். 'அசல் நாட்டுப்புறம்' என்ற பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

கம்பெனிகள் இன்னொரு காரியமும் செய்தன. கறுப்பர் பாடியவற்றை ஒரு வரிசை எண்ணிலும், வெள்ளையர் பாடிய 'பழைய ராகங்களை' வேறொரு வரிசை எண்ணிலும் பிரித்து வெளியிட்டன. அதிகாரியும் அதே மனிதர். இயந்திரமும் அதே இயந்திரம். சில சமயங்களில் அறையும் அதே அறை. பட்டியல் மட்டும் இரண்டு. ஊருக்குள் மெட்டுக்கள் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. வெள்ளையர் வாசித்த பாஞ்சோ வாத்தியமே ஆப்பிரிக்க மக்கள் வழியாக அமெரிக்கா வந்ததுதான்.

பியர் பின்னர் விக்டர் கம்பெனியோடு ஒரு விசித்திரமான உடன்படிக்கை செய்துகொண்டார். தமக்குச் சம்பளம் வேண்டியதில்லை. தாம் பதிவு செய்யும் பாடல்களின் பதிப்புரிமை மட்டும் தம்மிடம் இருந்தால் போதும் என்றார். கம்பெனிக்கு இது இலாபமாகத் தோன்றியிருக்கும். 1909 ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு பாட்டுக்கும் 2 சென்ட் பதிப்புரிமையாளருக்குச் சேரவேண்டும். அற்பத் தொகைதான், இலட்சம் தட்டு விற்கும்போது அது அற்பமல்ல. அதில் ஒரு பங்கைப் பாட்டை இயற்றியவருக்குக் கொடுத்து எஞ்சியதைப் பியர் வைத்துக்கொண்டார். 1928 இல் அவர் நிறுவிய சதர்ன் மியூசிக் என்ற பதிப்பகம், பிற்காலத்தில் வேறு பெயருடன் உலகமெங்கும் கிளை பரப்பியது.

இந்த ஏற்பாட்டோடுதான் அவர் 1927 ஜூலை இறுதியில் பிரிஸ்டல் நகரம் சென்றார். ஒரே தெருவின் ஒரு புறம் டென்னெஸ்ஸி மாகாணம், மறுபுறம் வர்ஜீனியா மாகாணம். முன்பு தொப்பிக் கம்பெனி இருந்த கட்டடத்தின் சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கினார்கள். தட்டு ஒரே வேகத்தில் சுழலும்பொருட்டு, கப்பியில் கனமான எடையைக் கட்டித் தொங்கவிட்டு இயந்திரத்தை ஓட்டினார்கள். முதலில் வந்தவர்கள் சிலரே. பிறகு உள்ளூர்ப் பத்திரிகை, எர்னஸ்ட் ஸ்டோன்மன் என்ற பாடகர் முந்திய ஆண்டு தட்டுக்களால் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று எழுதிற்று. அவ்வளவுதான், மலைகளிலிருந்து மக்கள் திரண்டு வந்துவிட்டார்கள்! இரண்டு வாரத்திற்குள் 19 குழுவினர் 76 பதிவுகள் செய்தனர்.

அவர்களுள் ஒரு குடும்பம் ஏ. பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் சிற்றன்னை மகளும் ஏ. பி.யின் தம்பி மனைவியுமான மேபெல் ஆகிய மூவர். மேபெலுக்கு வயது 18. நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. அந்நிலையில் கரடுமுரடான மலைப்பாதையில் காரில் வந்து கிட்டார் வாசித்தாள். மற்றொருவர் ஜிம்மி ராஜர்ஸ், இரயில்வேயில் பிரேக்மனாக வேலை பார்த்துக் காச நோயால் அதை விட்டவர். உடன் வந்த குழுவினரோடு யார் பெயரை முதலில் போடுவது என்று முதல்நாள் இரவு சச்சரவு ஏற்பட்டது. ஆகவே தனியாகவே பாடினார். ஒரு பாட்டுக்கு 50 டாலர் ரொக்கம். இவ்விரு தரப்பினரின் தட்டுக்களும் அமெரிக்கா முழுவதும் பரவின. ராஜர்ஸின் தட்டுக்கள் நம் இந்தியாவிலும் 'ட்வின்' முத்திரையில் வெளிவந்தன.

பழைய பாட்டில் யாருக்கும் உரிமையில்லை; உரிமையில்லாத பாட்டால் பியருக்குப் பயனில்லை. எனவே புதிய பாட்டு, அல்லது புதியது என்று பதிந்துகொள்ளத்தக்க பழைய பாட்டு வேண்டியிருந்தது. ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் வீடு வீடாகச் சென்று பாட்டுச் சேகரித்தார். உடன் சென்றவர் கறுப்பரான லெஸ்லி ரிடில். சிமெண்டு ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். துப்பாக்கி விபத்தொன்றில் வலக்கையின் இரு விரல்களையும் இழந்தவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவார். மேபெல் அவருடைய கைவண்ணத்தையும் கேட்டுக் கற்றாள். பதிப்புரிமைச் சீட்டிலோ கார்ட்டர் பெயர் மட்டுமே ஏறிற்று. கார்ட்டரும் செல்வராகிவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருவருக்குப் பங்கு குறைந்தது. மற்றவருக்குப் பங்கே இல்லை.

ராஜர்ஸ் 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் பாடிய ஒரு தட்டில் அருமையான டிரம்பெட் ஒலிக்கிறது. வாசித்தவர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். பியானோவில் அவர் மனைவி லில். தட்டின் மேல் அவர்கள் பெயர் இல்லை. ராஜர்ஸ் 1933 மே மாதம் நியூயார்க்கில் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்வரை, பாட்டுக்குப் பாட்டு கட்டிலில் படுத்து இளைப்பாறிப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

நாஷ்வில் நகரம் இந்த வியாபாரத்தின் தலைநகர். அங்கே பெரிய கம்பெனியொன்று 1928 இல் முதன்முதல் பதிவு செய்தவர்களில் ஒருவர் டிபோர்ட் பெய்லி; கையடக்க ஹார்மோனிகாவில் இரயிலையே ஓடவிடும் கறுப்புக் கலைஞர். 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற வானொலி நிகழ்ச்சிக்கு அப்பெயர் சூட்டப்பட்டதே அவர் வாசிப்பையொட்டித்தான் என்பர். 1941 இல், பதிப்புரிமைச் சங்கத்திற்கும் வானொலிகளுக்கும் மூண்ட பூசலில் அவருடைய பழைய உருப்படிகள் பல ஒலிபரப்பத் தகாதவை ஆயின. அவரை நீக்கிவிட்டார்கள். நிகழ்ச்சித் தலைவர் அவரைச் சோம்பேறி என்று புத்தகத்திலும் எழுதிவைத்தார். அந்தச் 'சோம்பேறி' பல ஆண்டுகள் பாதரட்சைகளுக்கு மெருகிட்டுக் குடும்பம் காத்தார். 1982 இல் மறைந்தார். 2005 இல் கன்ட்ரி இசைக் கீர்த்தி மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்போன்றோருக்குச் சின்சினாட்டி நகரத்துக் 'கிங்' கம்பெனியின் கதை தனியே சுவைக்கும். யுத்த காலத்தில் கென்டக்கி மலைகளிலிருந்து ஆலை வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டுக்கு ஏங்கியதைக் கண்டு, சிட் நாதன் என்ற வியாபாரி 1943 இல் அதைத் தொடங்கினார். அவரிடம் ஹென்ரி குளோவர் என்ற கறுப்பர் பதிவு அதிகாரியாக இருந்து, வெள்ளை நாட்டுப்புறப் பாடகர்களின் தட்டுக்களையும் தயாரித்தார். டெல்மோர் சகோதரர் 1949 இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டொன்றில் அவரும் கூட்டாசிரியர். நாதன் ஒரு பாட்டை வெள்ளையர், கறுப்பர் இருசாராரையும் பாடவைப்பார். உரிமை தம் பதிப்பகத்திடம் இருந்ததால் இரண்டு பக்கமும் காசு வந்தது. பட்டியல் போட்ட சுவரைக் காசு எளிதாகத் தாண்டிவிட்டது போலும்!

லெஸ்லி ரிடில் பின்னாளில் வடக்கே ராச்செஸ்டர் நகரில் குடியேறினார். கிட்டாரை விற்றுவிட்டு இசையை விட்டே ஒதுங்கியிருந்த அவரை 1965 இல் மைக் சீகர் என்ற இசைஞர் தேடிக் கண்டுபிடித்து, மீண்டும் வாசிக்கச் செய்து பதிவு செய்தார். 1993 இல், ரிடில் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அவர் பெயர் பொறித்த இசைத்தட்டு வெளிவந்தது.