தராசுக்கு ஒரு நேரம், கணினிக்கு ஒரு நேரமா?

இலங்கை மலையகத்தின் லிந்துலைத் தேயிலைத் தோட்டங்களில் முன்பு நேரம் சொன்னவை தப்புப் பறையும் தொழிற்சாலைச் சங்கும்தான். சங்கு ஐந்து நிமிடம் பிந்தி ஊதினால் எல்லா லயத்துக்கும் அதே ஐந்து நிமிடம். இன்று கொழுந்து நிறுக்கும் மின்னணுத் தராசு, வரவு பதியும் கைரேகை இயந்திரம், அலுவலகக் கணினி ஒவ்வொன்றுக்கும் உள்ளே தனிக் கடிகாரம் இருக்கிறது. அவை ஆளுக்கொரு நேரம் காட்டினால், பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நேரத்தோடு வந்தவரின் பேரும் அரைப் பேராகிவிடலாம், அதாவது அரை நாள் சம்பளமாகிவிடலாம்.

ஏன் பிசகுகின்றன?

இக்கடிகாரங்களின் இதயம், பெரும்பாலும் விநாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 விநாடி, மாதத்தில் ஏறக்குறைய 50 விநாடி. இந்தப் படிகம் 25 பாகை செல்சியஸ் அளவில் சரியாக ஓடும்படி வெட்டப்படுவது. மலையகக் குளிரில் அது இன்னும் கொஞ்சம் பிந்தும்.

எப்படிச் சரிசெய்கிறார்கள்?

அமெரிக்கக் கணினி அறிவியலாளர் டேவிட் மில்ஸ் வகுத்த ‘என்.டி.பி.’ எனும் வலையமைப்பு நேர நெறிமுறையின் முதல் வரையறை 1985இல் வந்தது. அணுக் கடிகாரங்களும் ஜி.பி.எஸ். செய்மதிகளும் மேல் தட்டு. அவற்றிடம் நேரம் பெறும் சேவையகங்கள் அடுத்த தட்டு. நம் கருவிகள் அதற்கும் கீழே.

நேரத்தைக் கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. பதில் வந்துசேரவும் நேரம் பிடிக்கிறதே! தராசு தன் கணக்கில் சரியாகப் பத்து மணிக்குக் கேள்வி அனுப்புகிறது என்று வைப்போம். சேவையகத்தின் கணக்கில் அது போய்ச் சேர்ந்தது பத்து மணி 2.040 விநாடி, பதில் புறப்பட்டது 2.041. தராசின் கணக்கில் பதில் கிடைத்தது 0.081. சேவையகத்தில் தங்கிய நேரம் போக, போக வர வழியில் கழிந்தது 0.080 விநாடி. அதில் பாதியான 0.040ஐ 2.040இலிருந்து கழித்தால் 2.000. தராசு சரியாக இரண்டு விநாடி பிந்தியிருக்கிறது. வித்தியாசம் மிகச் சிறிதாக இருந்தால் கடிகாரத்தை ஒரேயடியாக மாற்றாமல் மெல்ல வேகப்படுத்தியே சரிசெய்வார்கள்.

ஆனால் போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கும் என்பது இக்கணக்கின் அனுமானம். அலைவரிசை தடுமாறும் மலைச்சரிவில் அது பொய்க்கலாம். அதனால்தான் பல சேவையகங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒத்துவராத பதிலை ஒதுக்குகிறார்கள்.

அரை மணி நேரப் பாடம்

என்.டி.பி. தருவது உலகப் பொது நேரம் மட்டுமே. அதோடு எத்தனை மணி கூட்டுவது என்பதைக் கருவிக்குள் இருக்கும் நேர வலயப் பட்டியல்தான் சொல்கிறது. மின்நெருக்கடியில் 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு வந்தது; 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரை மணிக்கே திரும்பியது. அந்த மாற்றத்துக்குப் பின் பட்டியல் புதுப்பிக்கப்படாத கணினி, விநாடி பிசகாமல் ஓடியும் அரை மணி நேரம் தவறாகக் காட்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு: இயந்திரம் எங்கிருந்து நேரம் பெறுகிறது? அதில் தெரிவுசெய்த நேர வலயம் கொழும்புதானா? நாட்சம்பளம் நிமிடத்தில் தங்கியிருக்கும் இடத்தில் இந்த இரண்டுக்கும் நிர்வாகம் பதில் வைத்திருக்க வேண்டும். இயந்திரம் காட்டும் நேரத்தைத் தன் கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், பிசகிருந்தால் திருத்தக் கேட்கவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு.